ஒன்று குறைத்து அனுப்பியவர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

திருவானைக்காவலில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, துறையூரில் இருந்த ஒரு கணினிப் பெட்டிக்குள் நெட்வொர்க் வழியாக நுழைந்தேன். அந்தப் பெட்டிக்கு வயர் சொருக இரண்டு வாசல்கள். 'முதல் வாசலில் எது வந்தாலும் இரண்டாவது வாசலுக்குத் திருப்பி விடு' என்று ஒரு கட்டளை எழுதி என்டர் தட்டினேன். கட்டளை அபாரமாக வேலை செய்தது. எது வந்தாலும் என்றால் எது வந்தாலும்தான். அதற்குப் பிறகு நான் தட்டிய எழுத்துகளும் அதே முதல் வாசல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. 'ஐயோ, கட்டளையை ரத்து செய்' என்று நான் தட்டியதையும் அது விசுவாசமாக இரண்டாவது வாசலுக்குத் திருப்பி, துறையூர் ஊருக்குள் அனுப்பி வைத்தது. ஒரு வீட்டுக்குள் ஆளே போகாமல், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் கட்டளை மறைந்துவிடும். அதற்காகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, துறையூர் பஸ் ஏறி, அங்கே வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கேபிள்காரர் கடையைத் தேடிப் போய், வியர்வை சொட்ட சுவிட்சை அணைத்துப் போட்டேன்.

கேபிள்காரர் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கா தம்பி அம்புட்டு தூரத்துலேர்ந்து வந்தீங்க? போன்ல சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பேனே?"

போனில் சொல்வதென்றால் தப்பு என்னுடையது என்று சொல்லியாக வேண்டும். அதற்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வருவது எனக்கு எளிதாக இருந்தது.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியபோது, வாசலை ஒட்டிய மேஜையிலிருந்து ஒருவர் ஸ்கூட்டர் சாவியுடன் எழுந்துகொண்டிருந்தார்.

"துறையூர் எப்படி சார் இருந்துச்சு?"

"நல்ல வெயில் மேடம்."

"போன்ல சொல்லியிருந்தா அவரே அமுக்கியிருப்பாரே?"

"அவரும் அதைத்தான் சொன்னாரு."

"சரி, அப்போ நான் சொல்லல" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த மேடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். அதை அவர் விரும்பமாட்டார் என்பதுகூட இரண்டாவது காரணம்தான். ஆபீசில் நாங்கள் யாருமே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதுதான் முதல் காரணம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருவார். ஒர்க்‌ஷாப் சங்கொலியோடு சேர்ந்து வளர்ந்ததால் அவர் நுழையும் நேரத்தைப் பார்த்து நாங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம். என் வயதுதான். மூளையில் மட்டும் எனக்குப் பல வருடம் மூத்தவர்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். திருச்சியிலிருந்து வரும் நெட்டை ஊருக்குள் திருப்பி விடும், கேபிள்காரர்களுக்கான இந்தப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். பெட்டியின் உயிரான பகுதியை எழுதியவர் மேடம். துறையூர்க்காரர்தான் எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர். இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அவருடைய எல்லா ஊர்களுக்கும் பெட்டி. பிடிக்காவிட்டால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார். "திரும்பி வந்துச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான்" என்று முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். நான் ஏற்கெனவே மூன்று கம்பெனிகளில் கடைசி ஆளாக விளக்கணைத்துவிட்டு வந்தவன். நான்காவதையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் என் மனைவி என்னைத் தாழ்வாரத்தில்கூட விடமாட்டாள்.

முதலாளி மேடத்துக்கு ஏசி வைத்த அறை தருவதாகச் சொன்னார். அவர் வாசலை ஒட்டிய மேஜையை விட்டு நகரவில்லை. "வர்றதெல்லாம் இந்த வழியாத்தானே சார் வருது?" என்றார். அது ஏன் என்று எனக்குப் புரிந்தது ஒரு பல்வலிக்காரரால்.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒருநாள் மேடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு பெரியவர் படியேறி எங்கள் ஆபீசுக்குள் வந்தார். நான் வரவேற்றேன். உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வாடிக்கையாளர் படிவத்தை எடுத்து, "பேர் சொல்லுங்க, எந்த ஊரு, எத்தனை வீட்டுக்கு லைன் குடுக்கறீங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்றார். யோசிக்கிறார் என்று நினைத்து, எங்கள் பெட்டியின் பெருமைகளை எடுத்துரைத்தேன். பத்து நிமிடம் கழித்து அவர் கண்ணில் நீர் வழிந்தது. இந்தப் பெட்டிக்காக ஒரு மனிதர் இவ்வளவு உருகுகிறாரே என்று நானும் நெகிழ்ந்தேன்.

மேடம் உள்ளே வந்தார். கன்னத்தை ஒரு பார்வை பார்த்தார். "பல் டாக்டர் மேல இருக்காருங்க. இடது பக்கம் படி." அவ்வளவுதான். பெரியவர் எழுந்து போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"கெர்னல்னா என்னன்னு கேட்டீங்களே சார்? அது நீங்கதான்" என்றார் மேடம்.

அதுவரை புத்தகத்தில் படித்துப் புரியாதது அன்று புரிந்தது. கணினியின் உள்ளே எல்லாவற்றையும் நிர்வகிப்பது கெர்னல். ஒரு வாசலில் தகவல் பாக்கெட் ஒன்று வந்தால், கெர்னல் அதை மேலே கூட்டிப் போய், நாற்காலி போட்டு, ஊர் பேர் விசாரித்து, எல்லாம் முடிந்தபின் 'அடடா, நீங்கள் பக்கத்து வாசலுக்குப் போக வேண்டியவராச்சே' என்று சொல்லி அனுப்பும். மேடம் எழுதிய சிறு நிரல், அதாவது புரோகிராம், வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கும். பாக்கெட்டின் முகப்பை மட்டும் பார்க்கும். உள்ளே விடுவதா, வெளியே எறிவதா, வந்த வழியே திருப்புவதா, பக்கத்து வாசலுக்குத் தள்ளுவதா என்று அங்கேயே தீர்ப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படிக்காது.

மேடமும் அப்படித்தான். 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வம்பு வந்தால் வெளியே. கூரியர் வந்தால் உரியவருக்கு. சொந்தச் சோகத்தை அவரிடம் கொண்டு போனால்தான் சங்கடம்.

ஸ்ரீரங்கத்தில் நானும் என் அண்ணனும் மேல் வீடு கீழ் வீடு. நான் குளிக்கப் போகிற சமயம் பார்த்து அவர் மோட்டாரை நிறுத்திவிடுகிறார் என்று எனக்கு மூன்று மாத மனக்குமுறல். ஒருநாள் தாங்க முடியாமல் மேடத்திடம் கொட்டினேன். சோப்பு நுரையோடு நின்ற காட்சி வரை வந்துவிட்டேன்.

"இதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா சார்?"

"அவர்கிட்ட எப்படிங்க மேடம் சொல்றது?"

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க வீட்டுல மோட்டார் நல்லாத்தான் ஓடுது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அண்ணனிடம் கேட்டேன். "நீ குளிக்கற நேரம் எனக்கு எப்படிடா தெரியும்? கத்த வேண்டியதுதானே?" என்றார். அன்றிலிருந்து கத்துகிறேன். தண்ணீர் வருகிறது.

மேடத்திடம் இன்னொரு வழக்கம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதமாயிற்று. ஒருநாள் முதலாளி அறையில் போட்ட சத்தம் தடுப்புப் பலகையைத் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எங்க அந்த அதிமேதாவி? மூளையைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வர்றாரா? உடனே வரச் சொல்லுங்க!" மேடம் என் மேஜைக்கு வந்தார்.

"சார் கூப்பிடறாரு. கையில வேலை இல்லன்னா போய்ப் பாருங்க."

நான் திகைத்துப் போனேன். அவர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, உண்மைதான். ஆனால் எதை அனுப்பினாலும் கொஞ்சம் குறைத்துத்தான் அனுப்புகிறார். கோபத்தில் குறைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பாராட்டிலும் குறைப்பார் என்று தெரிந்தபோது பிடிக்கவில்லை. ஒருமுறை முதலாளி, "பிரமாதம், இவரை மாதிரி ஆள் கிடைக்காதுன்னு சொல்லுங்க" என்றது என் காதிலேயே விழுந்தது. என்னிடம் வந்து சேர்ந்தது, "பரவால்லையாம்."

"மேடம், பாராட்டையுமா குறைக்கணும்?"

"எதைத் திருப்பி விட்டாலும் ஒண்ணு குறைக்கணும் சார். இல்லன்னா அதுக்குச் சாவே கிடையாது."

இது அவர் பாக்கெட்டுக்குச் சொல்லும் விதி. ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் அதன் ஆயுள் ஓர் எண்ணாக எழுதியிருக்கும். பெரும்பாலும் அறுபத்து நான்கு. வழியில் ஒவ்வோர் இடத்திலும் கைமாறும்போது ஒன்று குறையும். பூஜ்யமானால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வழி தவறிய பாக்கெட் காலமெல்லாம் ஊர் சுற்றாமலிருக்க இந்த ஏற்பாடு. கெர்னல் வழியாகப் போனால் அதுவே குறைத்துவிடும். நாம் வாசலிலேயே திருப்பிவிட்டால் நாம்தான் குறைக்க வேண்டும்.

துறையூர்ப் பெட்டிக்கான நிரலில் இதை எழுதும் வேலை என்னுடையது. எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. இரண்டே வாசல், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறப்போகிற பாக்கெட்டுக்கு என்ன பெரிய சாவு என்று நினைத்தேன். நிரலை உள்ளே ஏற்றும்போது கெர்னல் அதை ஒருமுறை சோதிக்கும். முடிவில்லாமல் சுற்றுகிற நிரலாக இருந்தால் ஏற்றாது. என்னுடையதை ஒரே முறையில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமையில் வெளியே போய் இரண்டு வடை சாப்பிட்டேன். நிரல் சுற்றாது என்றுதான் அது சான்று கொடுத்தது. பாக்கெட் சுற்றாது என்று யாரும் கொடுக்கவில்லை.

துறையூரில் பெட்டி ஓடத் தொடங்கிப் பத்தாம் நாள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை. துறையூரில் நெட் நின்றுவிட்டது. முதலாளி அன்று சென்னையில் இருந்தார். போன் என்னிடம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கடை வாசல்ல ஊரே நிக்குது. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அழுவுறாங்கய்யா! இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பெட்டியை பஸ்ஸுல ஏத்திடுவேன், சொல்லிட்டேன்!"

மேடம் தன் மேஜையிலிருந்தே கேட்டார்.

"சார், ஒண்ணு குறைச்சீங்களா?"

"குறைச்சேன் மேடம்."

இவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதற்கு முன்பும் பின்பும் சொன்னதில்லை. அவர் இரண்டு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ம பெட்டியை விட்டுட்டு, திருச்சி லைனையும் ஊர் லைனையும் நேராச் சேத்து வேற வயர் எதுனா போட்டிருக்கீங்களா?"

"ஒண்ணு போட்டேன். நேத்துதான். அன்னிக்கு இந்தத் தம்பி வந்து வேர்த்து விறுவிறுத்து அமுக்கிட்டுப் போனாரே, அதுலேர்ந்து ஒரு பயம். பெட்டி படுத்துக்கிட்டா அந்த வயராச்சும் ஓடட்டும்னு..."

"அதை உருவிடுங்கண்ணே."

வயர் உருவுகிற சரசரப்பு கேட்டது. பிறகு கடை வாசலில் ஒரு கூச்சல். யாரோ ஒரு பெண் வீறிட்டாள். பாஸ் என்று பின்னால் தெரிந்தது.

நடந்தது இதுதான். எங்கள் பெட்டி ஒரு பாக்கெட்டை இரண்டாவது வாசல் வழியாக ஊருக்குத் தள்ளும். அது அந்தப் புது வயரில் ஏறி முன்பக்கம் வந்து மறுபடி முதல் வாசலில் நுழையும். பெட்டி மறுபடி தள்ளும். ஒன்று குறைத்திருந்தால் அறுபத்து நான்கு சுற்றில் செத்திருக்கும். குறைக்காததால் செத்துத் தொலையாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. திருவிழாக் கூட்டத்தில் யாருமே வெளியே போகாமல் எல்லோரும் உள்ளே சுற்றினால் எப்படி இருக்கும், அப்படி அடைத்துக்கொண்டுவிட்டது.

முதலாளி சென்னையிலிருந்து பேசினார். "யார் தப்புன்னு நாளைக்குக் காலையில எனக்குத் தெரியணும். துறையூர்க்காரர் நாளைக்கு முடிவு சொல்றாராம்."

பெட்டியை வைத்துக்கொள்வாரா, திருப்பி அனுப்புவாரா? அதற்குமுன் நான் இருப்பேனா? மதியம் முழுக்க உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பக்கம்: 'துறையூரில் நடந்த தவறு முழுக்க என்னுடையது. ஒன்று குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கவில்லை. கேட்டபோது குறைத்ததாகப் பொய்யும் சொன்னேன். அந்த ஊர் மக்களிடமும் அந்தக் கேபிள்காரரிடமும் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை.' எழுதி முடித்தபோது எனக்கு என்மீதே மரியாதை வந்தது. பழக்கமில்லாத உணர்ச்சி, தாங்கவில்லை. அதனால் இன்னொரு தாளில் இரண்டாம் பக்கம் எழுதினேன். அது 'ஆனால்' என்று ஆரம்பித்தது. அந்தக் கேபிள்காரருக்கு வயர் என்றால் சொருகுவதற்கு என்று மட்டும்தான் தெரியும், துணி காயப்போடும் கொடியைக் கொடுத்தால் அதையும் இரண்டு முனையில் சொருகிவிடுவார் என்கிற ரீதியில் போயிற்று. இலக்கியச் சுவைக்குக் குறைவில்லை.

மடித்து மேடத்திடம் கொடுத்தேன்.

"சார் வந்ததும் குடுத்துடுங்க மேடம். படிச்சிடாதீங்க."

"நான் எதையும் படிக்கறதில்ல சார். எங்க போகணும்னு மட்டும் பாப்பேன்."

மேல் மடிப்பை மட்டும் விலக்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி வந்து அறைக்குள் போனார். நான் மேஜை டிராயரைக் காலி செய்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தேன். அரை மணியில் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"துறையூர்க்காரர் பேசினாரு! வயரை மாட்டினது நாந்தான், பெட்டி மேல தப்பில்ல, எல்லா ஊருக்கும் போடுங்கன்னுட்டாரு!" என்றவர், என் தோளைத் தட்டி, "நீங்களும் அடுத்த தடவை பாத்துப் பண்ணுங்க" என்றார்.

என் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காத பெருந்தன்மை! மஞ்சள் பையை மேஜைக்கடியில் தள்ளினேன்.

அடுத்து வந்த பொங்கலுக்குத் துறையூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்தது. என் பெயருக்கு. முதலாளிக்கு இல்லை, மேடத்துக்கு இல்லை, எனக்கு மட்டும். அடுத்த வருடமும் வந்தது. இன்றுவரை வருகிறது. என் திறமையில் அவர் சொக்கிப்போய்விட்டார் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் மனைவிக்கு இதைச் சொல்வேன். அவள் அழுவாள், அது வெங்காயத்தால்.

மேடம் பிற்பாடு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனார். வழியனுப்பு விழாவில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். மறுநாள் அது மேல்மாடியில் பல் டாக்டரின் காத்திருப்பு பெஞ்சுக்கு எதிரே தொங்கியது. "அங்கதான் சார் எல்லாரும் நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று அவர் சொன்னதாக டாக்டர் சொன்னார்.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய முதலாளி எனக்குப் பக்கத்து இலை. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சார், அன்னிக்கு என் லெட்டரைப் படிச்சிட்டும் என்னை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

அவர் ரசத்தைக் கையில் ஏந்தியபடி என்னைப் பார்த்தார்.

"எந்த லெட்டரு?"

பாயசம் சாப்பிடாமல் எழுந்த முதல் கல்யாணம் எனக்கு அதுதான். வீட்டுக்கு வந்து மேடத்துக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். பல்வலிப் பெரியவர், அண்ணன் மோட்டார், பிளஸ் டூ ரிசல்ட், முதலாளியின் தோள் தட்டல், வருடம் தவறாத வெங்காய மூட்டை எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் கேட்டேன்: 'அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கொடுக்காமல் என்னதான் செய்தீர்கள் மேடம்?'

அங்கே என்ன நேரமோ தெரியாது. ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"ரெண்டாம் பக்கத்தைக் குறைச்சிட்டு அன்னிக்கே பஸ்ஸுல துறையூருக்கு அனுப்பிட்டேன் சார்."